எரிஞ்ச செவுரும் இருநூறு இலையும்

தீப்பிடிச்ச கட்டடத்துக்கு முதல்ல தீயணைப்பு வண்டி வரும், அப்புறம் இன்சூரன்ஸ்காரர் வருவார், எல்லாரும் டீ குடிச்சுட்டுக் கெளம்பின பிறகு கையில சுத்தியலோட நான் வருவேன். மூணு பேர்ல யாருக்கும் பிடிக்காத ஆள் நான்தான்.

ஓசூர்ல ஒரு கான்கிரீட் பரிசோதனை லேப்ல பதினெட்டு வருஷமா இஞ்சினியரா இருக்கேன். எரிஞ்ச கான்கிரீட்டுல இன்னும் உயிர் இருக்கா, போயிருச்சான்னு தட்டிப் பாத்துச் சொல்றது என் வேலையில ஒரு பங்கு. சொல்றது ஒன்னும் பெரிசில்லைங்க. கேக்கணுமே! கம்பெனியில தரம் பாக்குறவங்க, ரத்தம் டெஸ்ட் பண்றவங்க, பரீட்சைப் பேப்பர் திருத்துறவங்க, உங்களுக்கெல்லாம் இந்த வயித்தெரிச்சல் புரியும். "நல்லா இருக்கு"ன்னு சொன்னா நம்மள மாதிரி புத்திசாலி ஊர்ல கெடையாது. "நல்லா இல்ல"ன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த நிமிஷம் நம்ம படிப்பு, நம்ம மிஷின், நம்ம அனுபவம் எல்லாத்துலயும் கோளாறு வந்துரும்.

இந்த வருஷம் ஒரே ஒரு செவுரு ஒன்றரை மாசம் என் உயிரை வாங்கிருச்சு. அந்தக் கதையை யார்கிட்டயாவது கொட்டணும். உங்ககிட்ட கொட்றேன்.

புதுமாப்பிள்ளைச் செவுரு

பாகலூர் ரோட்டுல இருந்து உள்ள பிரியற ஒரு எஸ்டேட்ல, வண்டிங்களுக்கு பிளாஸ்டிக் சாமான் செய்யற கம்பெனி. அட்டைப் பெட்டி, தெர்மாகோல், ஸ்பாஞ்சு எல்லாம் அடுக்கி வச்ச குடோன் ஒரு பக்கம். மிஷின் ஓடற ஹால் மறுபக்கம். நடுவுல ஒம்போது இஞ்ச் கனத்துக்கு, இருபதடி உசரத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊத்தின செவுரு. தீ ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போயிரக் கூடாதுன்னே கட்டின செவுரு அது. ஆவணி மாசம் ஒரு நாள் வெல்டிங் பொறி பட்டுக் குடோன் பத்திக்கிச்சு. காலையில பிடிச்ச தீ சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சுது. ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகலை, கடவுள் புண்ணியம். ஹால்ல ஒரு மிஷின் மேல கூட சூடு படலை. செவுரு தன் வேலையை முழுசா செஞ்சுருச்சு. ஆனா சண்டையை விலக்கிவிடப் போனவனுக்குத்தானே நாலு அடி சேத்து விழும்? அது இவங்க யாருக்கும் தோணலை.

என்னைக் கூப்பிட்டது எட்டாவது நாள். குடோனுக்குள்ள கால் வச்சேன், கண்ணு கூசுது. செவுரு பால் மாதிரி வெள்ளையா நிக்குது. பூச்சு பூசி, பட்டி பாத்து, ரெண்டு கோட்டிங் பெயின்ட் அடிச்சு, நாலு மூலையிலயும் மஞ்சள் குங்குமம் வச்சு, புதுமாப்பிள்ளை கணக்கா நிக்க வச்சிருக்காங்க. "எரிஞ்ச செவுரு எங்கங்க?"ன்னு மேனேஜர் குமரேசனைக் கேட்டேன். சேலத்துக்காரர், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. "இதாங்க மேடம், இதேதாங்க"ன்னார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிப்போச்சு. அடிபட்ட இடத்தைப் பாக்கத்தானேய்யா நான் வர்றேன்? மூஞ்சிக்குப் பவுடர் போட்டு டாக்டர்கிட்ட காட்டுவீங்களான்னு கத்திட்டேன்.

அப்பதான் விஷயம் முழுசா தெரிஞ்சுது. ஆயுத பூஜைக்கு இன்னும் அஞ்சு வாரம். எரிஞ்ச இடத்துல இருநூறு பேருக்குச் சோறு போட்டா தோஷம் கழியும்னு யாரோ ஜோசியர் சொல்லிட்டாராம். அதனால பூஜைச் சாப்பாடு இந்தக் குடோன்லதான், இந்தச் செவுத்தோரம்தான். அதுக்கு முன்னாடி "செவுரு உறுதியா இருக்கு"ன்னு நான் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். எந்த யோசனையில பூசினீங்கன்னு மேஸ்திரியைப் பிடிச்சுக் கேட்டேன். வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு நிதானமா சொன்னார்: "லேடீஸ் இஞ்சினியர் வர்றாங்கன்னு சொன்னாங்கம்மா, கரியா கெடந்தா உங்க துணியில ஒட்டிக்குமேன்னுதான்."

ரோஸ் கலர்

விட்டேனா? நின்ன எடத்துல நின்னு, தரையில இருந்து தலைக்கு மேல வரைக்கும் ஒரு முழ அகலத்துக்குப் பூச்சைக் கொத்தச் சொன்னேன். மேஸ்திரி தன் புள்ளையை அடிக்கச் சொன்ன மாதிரி முழிச்சார். கொத்தக் கொத்தத்தான் வண்டவாளம் வெளிய வந்துச்சு. எரியும்போது செவுத்துல இருந்து துண்டு துண்டா தெறிச்சிருக்கு. கான்கிரீட்டுக்குள்ள இருக்கற ஈரம் ஆவியாகி வெளிய போக வழியில்லாம அப்படித் தெறிக்கும். அந்தப் பள்ளத்தையெல்லாம் சிமென்ட் கலவை வச்சு அடைச்சுட்டார் மனுஷன். அசைஞ்சுக்கிட்டிருக்கற பல்லு மேல சிமென்ட் பூசின மாதிரிதான்.

பூச்சுக்கு அடியில கான்கிரீட்டு ரோஸ் கலர்ல இருந்துச்சு. சாம்பல் நெறமா இருக்க வேண்டியது ரோஸா மாறினா, முன்னூறு டிகிரிக்கு மேல சூடு ஏறியிருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல போகப் போகப் பலம் எறங்கிக்கிட்டே வரும், ஆறினாலும் திரும்பி வராது. ரெண்டு விரக்கடை ஆழம் கொத்தியும் ரோஸ் போகலை. கம்பி இருக்கறதோ ஒரு இஞ்ச் உள்ள. அப்ப சூடு கம்பியையும் தாண்டிப் போயிருக்கு. மேல இருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாத்தேன், நடுச்செவுரு ரெண்டு விரல் அளவுக்குக் குடோன் பக்கம் தொப்பை போட்டிருந்துச்சு. சுத்தியலால தட்டினா கீழ 'டங்'குங்குது, ஆள் உசரத்துக்கு மேல போனா 'டொப்பு டொப்பு'ங்குது. மேல்பாதியில கான்கிரீட்டுத் தோல் உள்ள இருந்து கழண்டு, வெறும் பூச்சு இழுத்துப் பிடிச்சு நிக்குது. அதுல கதவுப்பலகை அளவு ஒன்னு பந்தியில உக்காந்திருக்கறவங்க தலை மேல வந்தா?

இதையெல்லாம் ஒன்னு விடாம மேஸ்திரிக்கு விளக்கினேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சரி, ஒரு ஜீவனுக்காவது புரிஞ்சுதேன்னு நெனச்சேன். முடிவுல சொன்னார்: "ரோஸ் ராசியான கலரும்மா, ஓனர் வீட்டு ஹாலுக்கும் அதான் அடிச்சு விட்டேன்."

கிருஷ்ணகிரிக் கல்லு

ஓனர் பெங்களூர்ல இருந்து வாரத்துக்கு மூணு நாள் வருவார். நல்ல சிரிச்ச முகம். தமிழையும் கன்னடத்தையும் ஒன்னா கலந்து பேசுவார். நான் வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்கறேன், அவர் எனக்கு மோர் வரவழைச்சுக் குடுத்துட்டு, "யாக்கே மேடம் டென்ஷன்? தெர்மாகோல் எரியும், அட்டை எரியும். கல்லு எரியுமா? அதுவும் கிருஷ்ணகிரிக் கல்லு!"ன்னார். அந்தச் சிரிப்புதான் என்னால தாங்க முடியலை.

எரியாதுங்க சார், செத்துப்போகும்னு சொன்னேன். ஜல்லி சூட்டுல ஒரு பக்கம் பெருக்கும், அதைச் சுத்தி இருக்கற சிமென்ட்டு இன்னொரு பக்கம் சுருங்கும், ரெண்டுக்கும் பிடிப்பு விட்டுப்போகும். சிமென்ட்டுக்குள்ள இருக்கற சுண்ணாம்பு, சூளையில வெந்த சுண்ணாம்பு மாதிரி ஆயிரும். அதுல தண்ணி பட்டா என்னாகும், சுண்ணாம்புத் தொட்டியில பொங்குறதைப் பாத்ததில்லையா? பொங்கிப் பெருத்து இருக்கறதையும் வெடிக்க வைக்கும். இவங்க தீ அணைஞ்ச பிறகும் "செவுரு ஆறட்டும்"னு ரெண்டு நாள் ஹோஸ் பிடிச்சு அடிச்சிருக்காங்க. இப்ப புரட்டாசி மழை வேற. அதனால தீ போயிருச்சு, கேடு போகலை, வாரத்துக்கு வாரம் ஏறும்னு படம் போட்டுக் காட்டினேன். மேல்பாதியை எடுத்துட்டுத் திரும்பக் கட்டுங்க, அதுவரைக்கும் ஒரு ஆள் கூட அங்க நிக்க வேண்டாம்னேன்.

அவர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ரொம்ப மரியாதையா மடிச்சு எங்கிட்டயே குடுத்தார். "மேடம், உலகம் பூரா நம்ம கல்லை வாங்கிட்டுப் போறாங்க, அவங்கெல்லாம் பைத்தியமா?"

சாக்பீஸ் வட்டம்

வாய்ப்பேச்சு எடுபடாதுன்னு தெரிஞ்சதும் மிஷினைக் கொண்டு போனேன். செவுத்துல துளை போட்டு, கைக்கு அடக்கமா ஒரு உருளை வெட்டி எடுத்து, லேப்ல வச்சு நசுக்கிப் பாக்கறது. அதுல பொய் சொல்ல முடியாது. போனா, எனக்கு முன்னாடியே சாக்பீஸ்ல மூணு வட்டம் போட்டு வச்சிருக்கார் குமரேசன். "உங்களுக்கு சிரமம் வேண்டாம்னு இடம் பாத்து வச்சுட்டோமுங்க மேடம்." மூணு வட்டமும் எங்க? வாசல் பக்கத்து மூலையில, முழங்கால் உசரத்துல! தீ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை. தலைவலின்னு போனவனுக்குக் கால் கட்டை விரல்ல எக்ஸ்ரே எடுக்கற கதையா இருக்கே, இதுக்கு நான் எதுக்குன்னு சாக்பீஸைப் பிடுங்கி, சாரம் ஏறி, நடுச்செவுத்துல நானே வட்டம் போட்டேன்.

ஆபரேட்டர் மெதுவாத்தான் துளை போட்டார். உருளையை வெளிய இழுத்தா கையிலயே மூணு துண்டா பிரிஞ்சு வருது. நசுக்கறதுக்கு முழுசா இருந்தாத்தானே நசுக்க முடியும்? முன்பக்கத் துண்டை விரலால தேய்ச்சேன், மாவு மாதிரி உதிருது. அதைக் குமரேசன் உள்ளங்கையில வச்சு, "இப்பவாவது நம்புறீங்களா?"ன்னேன். மாவைப் பாத்தார், மிஷினைப் பாத்தார், பெருமூச்சு விட்டார். "மிஷின் பழசாயிருச்சு போலிருக்குங்களே மேடம்."

வீட்டுல

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் செருப்பைக் கூடக் கழட்டலை, ஆரம்பிச்சுட்டேன். ஓனர், மேனேஜர், மேஸ்திரி, ஜோசியர், ஒருத்தரையும் விடலை. எங்க வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கெளம்பறதுக்காகச் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். பேசிக்கிட்டே நான் சமையக்கட்டுச் செவுத்தைத் தட்டித் தட்டிப் பாத்திருக்கேன், எனக்கே தெரியலை. அவர் தட்டைக் கழுவி வச்சுட்டு வந்து சொன்னார்: "நம்ம செவுரு நல்லாத்தான் இருக்கு, என் காதுதான் பெயிலு, வேணும்னா அதுக்கு ஒரு ரிப்போர்ட் குடு."

கரண்டிச் சத்தம்

மூணாவது வாரம் திரும்பப் போனேன். என்னை யாரும் கூப்பிடலை. 'டொப்பு' சத்தம் வர்ற இடத்தையெல்லாம் போன தடவை செவுத்துலயே பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தேன். இப்ப தட்டினா சத்தம் கோட்டைத் தாண்டி நாலு பக்கமும் பரவியிருக்கு. அப்ப பின்னாடி ஒரு அம்மா வந்து நின்னுக்கிட்டு நான் தட்டறதையே கேட்டுக்கிட்டிருந்தாங்க. கேன்டீன் சமையலுக்குப் பொறுப்பு, பேரு மாதம்மா. என்னைவிட நாலஞ்சு வயசு சின்னவங்க. சிங்காரப்பேட்டைப் பக்கம். பூஜைக்கு இருநூறு பேருக்கு ஆக்கி, இதே இடத்துல பரிமாறப் போறவங்க.

திரும்பிப் போனாங்க. கேன்டீன்ல இருந்து நீளமான சாம்பார் கரண்டியை எடுத்துட்டு வந்தாங்க. சாரத்துல ஏறினாங்க. நாலு தட்டுத் தட்டினாங்க, காதை வச்சாங்க, இன்னும் நாலு தட்டு. கரண்டிக் காம்பால, "இங்கருந்து இங்கமுட்டும் தூக்கினு இருக்குது, இதுக்கு மேல இன்னொரு பலகை வுட்டுப்போச்சு"ன்னு காத்துலயே வரைஞ்சு காட்டினாங்க. அன்னிக்குத் தட்டிப் பாத்து நான் தாள்ல குறிச்ச புது எல்லையோட ஒத்துப் பாத்தேன். விரக்கடை கூடப் பிசகலைங்க! பதினெட்டு வருஷம், அத்தனை மிஷின், அத்தனை பரீட்சை. இந்த அம்மா சாம்பார் கரண்டியில கண்டுபிடிக்கறாங்க.

எப்படிம்மான்னு கேட்டேன். அவங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே கல்லு உடைக்கிற வேலையாம். வெடி வைக்காத பாறையில மேல விறகை அடுக்கி நெருப்பு மூட்டுவாங்களாம். சூடு ஏற ஏற, பாறையோட மேல்தோல் அடியில இருந்து விட்டுக்கும். எது வரைக்கும் விட்டிருக்குன்னு கம்பியால தட்டிச் சத்தம் கேட்டே சொல்லுவாங்க, அப்புறம் நெம்பி எடுப்பாங்க. நம்ம ஊரு வேலிக்கும் தரைக்கும் போட்ட பலகைக்கல்லு எத்தனையோ அப்படி வந்ததுதான். இந்த மண்ணுல உக்காந்துக்கிட்டு ஓனர் எனக்குக் கல்லைப் பத்திப் பாடம் எடுத்ததைச் சொன்னேன். மாதம்மா கரண்டியை இடுப்புல சொருகிக்கிட்டுக் கீழ எறங்கினாங்க. "பாறை மேல நெருப்பு போட்டு உரிச்சுதாம்மா எங்கப்பன் எங்களுக்குச் சோறு போட்டான், கல்லுக்கு நெருப்பு ஒன்னும் பண்ணாதுன்னு எந்த மகராசன் சொன்னான்?"

போட்டோ சர்டிபிகேட்

நான் ரிப்போர்ட் எழுதினேன். சுத்தி வளைக்கலை. 'மேல்பாதிக் கான்கிரீட்டு கழன்று நிற்கிறது. குடோன் பக்கம் ஆட்கள் நிற்கவோ உட்காரவோ கூடாது. எடுத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.' எங்க லேப் சார் நல்ல மனுஷன், ஆனா பயந்த சுபாவம். தாளைக் கையில வச்சுக்கிட்டு, "கொஞ்சம் பதமா எழுதக் கூடாதா? 'பார்வைக்கு நன்றாக உள்ளது'ன்னு ஒரு வரி சேத்தா என்ன?"ன்னார். பார்வைக்கு நல்லா இருக்கறதுதான் சார் அதோட வியாதியேன்னு சொன்னேன். அந்த வரியைச் சேக்கறதா இருந்தா நீங்களே கையெழுத்துப் போடுங்க, நான் போடமாட்டேன்னேன். மூணு நாள் மேஜையில வச்சிருந்துட்டு, நான் எழுதினபடியே அனுப்பிட்டார். அதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு.

அனுப்பி என்ன பிரயோஜனம்? பூஜைக்கு நாலு நாள் முன்னாடி குமரேசன் போன் பண்ணினார். "உங்களுக்கு இனிமே சிரமம் இல்லீங்க மேடம், சர்டிபிகேட் கெடைச்சுருச்சுங்க." யார் வந்து பாத்ததுன்னா, யாரும் வரலை. எங்கேயோ வெளியூர்ல இருக்கற ஒரு இஞ்சினியருக்கு, நான் கொத்தின இடத்தையெல்லாம் மறுபடி பூசிப் பெயின்ட் அடிச்ச செவுத்தைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க. அவர் 'உறுதியாக உள்ளது'ன்னு தாள் எழுதி, அதையும் படம் பிடிச்சுத் திருப்பி அனுப்பிட்டார். தொட்டுப் பாக்காம, தட்டிப் பாக்காம எப்படிய்யா கையெழுத்து வரும்? குமரேசன் குரல்ல ஒரு குறை இல்லை: "அவர் போட்டோவைப் பெரிசு பண்ணிக்கூடப் பாத்தாருங்க மேடம்."

அவசரமில்ல

என்னால உக்கார முடியலை. இந்த மாதிரி விஷயத்தைக் கவனிக்கற அரசாங்க ஆபீஸுக்கு லெட்டர் எழுதி நேர்லயே எடுத்துட்டுப் போனேன். அதிகாரி வெளியூர்ல. கிளார்க் ஒருத்தர் லெட்டரை நல்லாவே படிச்சார். அனுதாபமாத்தான் தலையாட்டினார், சீல் கூட அடிச்சுக் குடுத்தார். "செவுரு இன்னும் விழலைதானுங்களே? அப்ப பூஜை லீவு முடிஞ்சு வந்தா போதும், அவசரமில்ல."

பந்தி

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில மாதம்மா போன் பண்ணினாங்க. "அந்தச் செவுத்தோரமே எலை போடச் சொல்லிட்டாங்க. நீங்க வந்துருங்க." அழைப்பிருக்கோ இல்லையோ, ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். தூறல். கேட்ல பூசணிக்காய் உடைச்சுக் குங்குமம் தெறிச்சுக் கெடக்கு. மிஷினுக்கெல்லாம் சந்தனம், வாழைக்கன்னு, பொரி கடலை. குடோன்ல நீளத்துக்குப் பாய் விரிச்சு, செவுத்துக்கு முதுகு காட்டின மாதிரி முதல் வரிசை, அதுக்கு எதிர்ல ரெண்டாவது வரிசை. நூறு நூறு இலை.

குமரேசன்கிட்ட ஓடினேன். "நல்ல நாள் அதுவுமா அபசகுனமா பேசாதீங்க மேடம்"னுட்டு நகந்துட்டார். சரின்னு ஜனங்ககிட்டயே போனேன். அஞ்செட்டிப் பக்கத்துல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யற பொண்ணுங்க, ஒடிசாப் பசங்க, கான்ட்ராக்ட்ல வந்தவங்க, எல்லாரும் குளிச்சு நல்ல துணி போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. "இங்க உக்காராதீங்கம்மா, செவுரு சரியில்லை"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "மேனேஜர் சார் உக்காரச் சொன்னாருங்களே"ன்னாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. நாளைக்கும் இதே கேட்டுக்குள்ளதான் அவங்க வரணும். உக்கார ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குக் கோவத்துல அழுகை வந்துருச்சு.

அப்ப மாதம்மா சக்கரைப் பொங்கல் வாளியோட உள்ள வந்தாங்க. அந்தக் கம்பெனியில ஒரு வழக்கம். ஓனர் தன் சம்சாரம், ரெண்டு புள்ளைங்களோட வந்து முதல் வரிசையில முதல் இலையில உக்காருவார். அவருக்கு வச்ச பிறகுதான் மத்தவங்களுக்கு. மாதம்மா முதல் இலைக்குப் போனாங்க. அங்க ஒடிசாப் பையன் ஒருத்தன் உக்காந்திருக்கான். "ஓனர் வூட்டு எலை எங்க?"ன்னு குமரேசனைக் கேட்டாங்க. "ஆபீஸ் ரூம்ல போட்டாச்சு, நீ ஆக வேண்டியதைப் பாரு"ன்னார்.

மாதம்மா வாளியைக் கீழ வச்சாங்க. அந்த நேரம் பாத்து ஓனர் கும்பிட்டுக்கிட்டே வாசலுக்கு வந்தார். உள்ள வரலைங்க. நிலைக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டு எல்லாருக்கும் ஒரு கும்பிடு. மாதம்மா குரலை ஒசத்தலை, ஆனா குடோன்ல எல்லாருக்கும் கேட்டுச்சு. "வருசா வருசம் பாப்பாவையும் தம்பியையும் எங்க பக்கத்துல உக்கார வச்சுதானுங்களே சாப்புடுவீங்க. இந்த வருசம் அவங்க எலை ஏன் ஆபீஸ்ல கெடக்குது?"

ஓனர் முகத்துல சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. "அது... பசங்களுக்குச் சளி மாதம்மா. இங்க ஈரமா இருக்கு"ன்னார். சொல்லும்போது அவர் கண்ணு ஒரு தடவை, ஒரே தடவை, செவுத்தோட மேல்பாதிக்குப் போயிட்டு வந்துச்சு. நான் பாத்தேன். நான் மட்டும் இல்லை, நூறு பேர் எதிர் வரிசையில உக்காந்து பாத்தாங்க. முதல் வரிசையில இருந்தவங்க மெதுவா கழுத்தைத் திருப்பித் தங்களோட முதுகுக்குப் பின்னாடி மேல பாத்தாங்க.

அப்புறம் ஹாஸ்டல் பொண்ணுங்கள்ல ஒருத்தி, நாட்றாம்பாளையத்துக்காரி, எந்திரிச்சா. குனிஞ்சு தன் இலையைத் தண்ணி சொட்டச் சொட்டக் கையில எடுத்துக்கிட்டா. பக்கத்துல இருந்தவ எந்திரிச்சா. மொழி புரியாத ஒடிசாப் பசங்க கூட எந்திரிச்சாங்க. இருநூறு பேரும் ஆளுக்கொரு இலையை ஏந்திக்கிட்டு ஓனரைத் தாண்டி வெளிய போனாங்க. வண்டி நிறுத்தற ஷெட்டுல, ஆபீஸ் வராந்தாவுல, ஓனர் வீட்டு இலைங்க போட்டிருந்த ரூம் வாசல் வரைக்கும் நெருக்கி உக்காந்தாங்க. "என்னய்யா இது, எதுக்கு எந்திரிக்கிறீங்க?"ன்னு குமரேசன் கத்தறார். மாதம்மா வாளியைத் தூக்கிக்கிட்டு அவங்க பின்னாடியே போனாங்க. வாசல்ல நின்ன ஓனர்கிட்ட சொன்னாங்க: "இவங்களுக்கும் சளிதாங்க."

இன்னொரு சர்டிபிகேட்

அன்னிக்குச் செவுரு விழலை. பொய் சொல்லக் கூடாது, விழலை. அதையே ஒரு வாரம் எல்லாரும் எங்கிட்ட சொல்லிக்காட்டினாங்க. ஆனா பந்தி நடந்த பிறகு அந்தக் குடோனுக்குள்ள சாமான் எறக்க ஒருத்தரும் போகமாட்டேன்னுட்டாங்க. வேற வழியில்லாம மேஸ்திரியைக் கடப்பாரையோட ஏத்தி விட்டாங்க. அவர் ஒரு நெம்புதான் நெம்பினாராம். முதல் வரிசைக்கு எலை போட்ட இடத்துக்கு நேர் மேல இருந்து, பாய் அகலத்துக்கு ஒரு பலகை, பூச்சு பெயின்டோட சேந்து கீழ வந்துச்சு. தரையில போட்டிருந்த டைல்ஸ் நொறுங்கிப்போச்சு.

அதுக்கப்புறமாவது "மேடம், நீங்க சொன்னது சரி"ன்னு ஒரு வார்த்தை வருமான்னு போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். வந்துச்சு, போன் வந்துச்சு, குமரேசன்தான். "மேடம், புதுச்செவுரு கட்ட ஆரம்பிச்சுட்டோமுங்க, முடிஞ்சதும் அந்த வெளியூர் சார்கிட்டயே போட்டோ அனுப்பிக்கிறோம், உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்."

கான்கிரீட்டுச் செவுரு எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும்னு எங்க புஸ்தகத்துல அட்டவணை போட்டு வச்சிருக்காங்க. எரிஞ்ச பிறகு அது எவ்வளவு உறுதின்னு தெரிஞ்சுக்க அட்டவணை எதுவும் வேண்டாம், முதலாளி தன் புள்ளைங்களை எங்க உக்கார வைக்கிறார்னு பாத்தா போதும்.